சகலை கண்ட தட்டைவாயன்

போன ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்தில் என் மாமனார் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரைச் சுட? கண்மாயில் வந்து இறங்கியிருந்த வாத்துகளை!

கண்மாயை ஒட்டிய அவருடைய நாற்றங்காலை ஏதோ ஒன்று துவைத்துப் போட்டிருந்தது. "எல்லாம் இந்த வாத்துக சோலிதான். இன்னைக்குக் கொழம்புல வச்சிர்றேன்!" என்றார்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து என் சகலை வந்து இறங்கினார் — பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பில், கழுத்தில் பைனாகுலரோடு. என் மனைவியின் அக்காள் கணவர். சொந்தமாக ஏலக்காய்த் தோட்டம். நானோ போடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். பொறாமையா? ஆமாம்... வேறென்ன பேர் வைப்பது?

பைனாகுலரில் ஒரே பார்வை. "சுட்டுறாதீக மாமா. இது தட்டைவாயன். அலகு கரண்டியாட்டம் இருக்கு பாருங்க. தண்ணியச் சலிச்சு, பூச்சி, பாசின்னு திங்கும். நாத்துப் பக்கமே வராது."

"அத்தானுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு!" என்றாள் என் மனைவி.

"எனக்கு அப்படித் தோணலண்ணே" என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவர் சொன்னது தப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமனார் தோட்டாவைக் கையில் எடுத்தார். "ஒண்ணச் சுட்டு வயித்தக் கீறிப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

என் வீம்புக்கு ஓர் உயிரா? "கொஞ்சம் பொறுங்க மாமா" என்று பைனாகுலரை வாங்கினேன்.

பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடித்தன. முன்னே போவது காலால் கலக்கிய தண்ணீரில் பின்னே வருவது அலகைப் பதித்து, இரண்டு பக்கமும் ஆட்டிச் சலித்துக்கொண்டே போனது. வெகுநேரம் பார்த்தேன். ஒன்றுகூடக் கரையேறவில்லை.

சகலை சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. வயிறு எரிந்தது.

அப்படியானால் நாற்றை மிதித்தது யார்? செருப்பைக் கழற்றிவிட்டு நாற்றங்காலில் இறங்கினேன். ஓரத்துச் சேற்றில் பிளந்த குளம்புத் தடம்! "மாமா, வெரசா வாங்க... பன்னி! மலையிலருந்து எறங்கி வந்திருக்கு!"

மாமனார் குனிந்து பார்த்தார். துப்பாக்கியைத் தாழ்த்தினார். முகம் மலர்ந்தது.

"பெரிய மாப்ள அப்பவே சொன்னாருல்ல!" என்று சகலையின் தோளைத் தட்டினார்.

முழங்கால்வரை சேற்றோடு நான் நின்றேன். மதியம் கோழிக்குழம்பில் நல்ல துண்டெல்லாம் யார் இலைக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா?

பரவாயில்லை. வாராவாரம் பத்திரிகையில் எழுத ஒரு பக்கம் சகலைக்கு இல்லையே!