வெயில் படாத துணி

பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற இனியாவுக்கு, தன் உடம்பை நினைத்தாலே குமட்டியது. அரிப்பு. அதுவும் வெளியே சொல்லக்கூடிய இடத்திலா? தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படியும். ஒண்ணுக்குப் போனால் மிளகாய்ப்பொடி தூவின எரிச்சல். மேசை முன்னால் பத்து மணி நேரம் தொடையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கருமம், எட்டு மாசத்தில் இது மூன்றாவது தடவை.

அழுக்குதான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அங்கேதான் தப்பு. காயம் கழுவுகிற கிருமிநாசினியைத் தண்ணியில் கலந்து தினம் இரண்டு வேளை உள்ளேயே ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ எரிச்சல் ஏறியது. ஏற ஏற இன்னும் கழுவினாள். மெடிக்கலில் போய் "புண்ணுங்க" என்று மழுப்பினாள். கடைக்காரரும் எங்கே, என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து நீட்டினார். நல்ல வைத்தியம் போங்கள்.

புருஷன் மயில்சாமி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். "எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா?" என்று ஒரே கேள்வி. கட்டினவன் வாயில் அதைக் கேட்டதும் இனியா பாத்ரூமுக்குள் போய் வாந்தி எடுத்தாள். அவன் பக்கத்தில் வருவானா மாட்டானா என்பது கூட அவளுக்குப் பெரிசில்லை. இந்த உடம்பை அருவருக்காமல் இனி ஒரு நாளாவது இருக்க முடியுமா என்பதுதான் கவலை.

கடைசியில் ஈரோட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். கழுவினது, மாத்திரை முழுங்கினது எல்லாம் கேட்டுக்கொண்டார். பரிசோதித்தார், சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இல்லை.

"உள்துணியெல்லாம் எங்கம்மா காயப்போடறீங்க?"

"பாத்ரூம் கதவுக்குப் பின்னாடிங்க. மேல துண்டைப் போட்டு மூடிருவனுங்க. ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு அத்தை சொல்லுவாங்க."

"காயுமா?"

இனியா யோசித்தாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் ஒரு நாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. பூஞ்சை வாடையோடு, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, மேலே நைலான் லெக்கின்ஸை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தினம் கம்பெனி பஸ் ஏறினாள். நினைக்கவே உடம்பு கூசியது.

"இது அழுக்கு இல்லம்மா" என்றார் டாக்டர். "இந்தப் பூஞ்சை ரொம்பப் பேரு உடம்புல கொஞ்சமா இருக்கறதுதான். அதை அடக்கி வெக்கிற நல்ல கிருமியை நீங்க மருந்து ஊத்தியும் மாத்திரை முழுங்கியும் கொன்னுபோட்டீங்க. ஈரமும் சூடும் சேர்ந்தா அதுக்குக் கொண்டாட்டம். இனி உள்ள எதையும் ஊத்தாதீங்க, வெளிய வெறும் தண்ணி போதும். லூசா காட்டன் போடுங்க. நல்லாக் காஞ்சதைப் போடுங்க." ஆறு நாளைக்கு உள்ளே வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் கொடியில் மயில்சாமியின் ஜட்டிகளுக்குப் பக்கத்தில் இனியா தன்னுடையதைக் காயப்போட்டாள். மாமியார் மாசாணியம்மாள் ஓடி வந்தாள். "அம்மணி, நாலு குடி இருக்கற காம்பவுண்டு. மானம் போகுது, எடு" என்றாள். சத்தம் கேட்டு மயில்சாமி வந்தான். கொடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"சீ, எடு. பாக்கவே அருவருப்பா இருக்குது."

இனியா அவனுடைய துணிகளைப் பார்த்தாள். எலாஸ்டிக் தொங்கி, மஞ்சள் பாரித்து, ராஜா மாதிரி வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"இதையெல்லாம் ஆறு வருசமா என் கையிலதான் தொவைக்கறனுங்க. ஒரு நாளாச்சும் அருவருப்புன்னு சொன்னனுங்களா?"

இனியா அவனுடைய நாலையும் கொடியிலிருந்து உருவி, சொட்டச் சொட்ட அவன் கையில் வைத்தாள்.

"கதவுக்குப் பின்னாடி எடம் காலியாத்தான் இருக்குதுங்க."