சோதனைக்குள் போகாத வெள்ளிக்கிழமை

ஆண்டவருக்குள் என் அன்பான சபையாரே, ஆண்டின் கடைசி ஞாயிறன்று நன்றி சொல்ல எழுந்தவள் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் அழுதுவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். சொல்ல முடியாததை எழுதித் தருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் அத்தனை பேருடைய அலர்ஜிக் குறிப்பையும் அழித்துவிட்டேன். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று எழுதும் கட்டம் அது. எல்லாருக்கும் அதில் 'இல்லை' என்று விழுந்துவிட்டது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆண்டுக் கடைசியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு எதிலும் யாரும் கைவைக்கக் கூடாது. ஃப்ரீஸ் என்போம். அன்று மாலை ஃப்ரீஸ். அதே மாலை எழும்பூரில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஊருக்கு ரயில். காலையில் காட்டுப்பாக்கம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனசு தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

மருத்துவமனை பயன்படுத்தும் நிஜப் பதிவேடு ஒன்று. நாங்கள் தட்டிப் பார்க்க அதன் நகல் ஒன்று, அதற்குப் பெயர் டெஸ்ட். இரண்டும் என் திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன. டெஸ்ட்டில் கொடுக்க வேண்டிய கட்டளையை நிஜத்தில் கொடுத்துவிட்டேன். டெஸ்ட் என்றால் தமிழில் சோதனைதானே? சோதனைக்குள் போகாமல் காத்தருளும் என்று தினமும் ஜெபிக்கிறவள் நான். அன்று சோதனைக்குள் போகாததுதான் நான் செய்த தப்பு.

பக்கத்து நாற்காலியில் இருந்த எங்கள் டீம் லீட் முரளியிடம் சொன்னேன். அவர் அம்பத்தூர்க்காரர். எட்டிப் பார்த்தவர் முகம் வெளுத்தது. முந்தைய நாள் பாதுகாப்புக்காக எடுத்து வைத்த பிரதியை, அதாவது பேக்கப்பை, உடனே ஏற்றத் தொடங்கினார். முடிய நாற்பது நிமிஷம் ஆகும் என்றது திரை.

"நாப்பது நிமிஷம் கம்முனு இரு ஸ்டெல்லா. ஏறிகினு கீது. ஏறிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப போன் பண்ணி சொன்னேன்னு வை, உன் வேலையும் காலி, என் வேலையும் காலி."

சரி என்றேன். மறைக்க மாட்டேன் என்று நான் வீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். தலையை ஆட்டிவிட்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் மூடிவிடும். என் வேலையைக் காப்பாற்றும்." இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வாய் வரவில்லை. நோயாளிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே என்னைப் பார்க்கக் கூசியது.

"என் பெயர் கெட்டால் கெடட்டும். ஒருவருக்கும் தப்பான ஊசி போகக் கூடாது. போன் பண்ண எனக்குத் தைரியம் கொடும்." இவ்வளவுதான் கேட்டேன். எழுந்து போய் முரளி எதிரிலேயே மருத்துவமனை வார்டுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், சாப்ட்வேர் கம்பெனியில இருந்து பேசுதேன். தப்பு என்மேலதான். ஸ்க்ரீன்ல அலர்ஜி இல்லைன்னு காட்டும், நம்பாதீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு மருந்து குடுங்க. மத்த வார்டுக்கும் உடனே சொல்லிருங்க."

"ஐயோ" என்ற சத்தம். ரிசீவர் மேஜையில் விழுந்தது. செருப்புகள் ஓடின. தூரத்தில் யாரோ, "போடாத, போடாத, நில்லு!" என்று கத்தினார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முரளி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயேசப்பா, இயேசப்பா என்பதைத் தவிர எனக்கு ஜெபம் வரவில்லை.

சிஸ்டர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"பதினாலாம் பெட்டும்மா. ஆபரேஷன் ஆகி இன்னும் மயக்கம் தெளியல, கேட்டாலும் சொல்ல மாட்டாரு. ஊசில மருந்து ஏத்திட்டாங்க. போடறதுக்குள்ள போய்ட்டேன். பேப்பர் ஃபைல்ல செவப்புல எழுதிக்கீது, அந்த மருந்து அவருக்கு ஆகாதுன்னு."

நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். முரளிக்கு நம் விசுவாசம் கிடையாது. அவர் மெதுவாக, "நல்ல வேளை, என் பேச்ச நீ கேக்கல" என்றார். அதன்பின் சாப்பிடக்கூடப் போகாமல் என்னோடு உட்கார்ந்தார். பேக்கப்பில் இல்லாத அன்றைய பதிவுகளை சிஸ்டர்கள் வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

ரயில் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வேலை போகவில்லை, ஆனால் அந்த மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பெயர் கெட்டது உண்மைதான். ஆனாலும் இந்த டிசம்பரில் தூங்கியதைப்போல நான் பல வருஷமாகத் தூங்கியதில்லை.

போன வருஷம் புது வருஷத்துக்காகப் பெரிய பட்டியல் எழுதி ஜெபித்தேன். பதவி உயர்வு, ஆறு மாதம் வெளிநாடு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஃபிளாட். எதுவும் நடக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். வருகிற வருஷத்துக்கு ஒன்றைத்தான் கேட்கிறேன்: தப்புச் செய்தால் உடனே ஒப்புக்கொள்ளும் வாய்.

உங்களில் யாராவது இப்போது, யாருக்கும் தெரியாமல் மூடிவிடும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆண்டவரை நம்பி எழுந்திருங்கள். அவர் என் தப்பை மூடி மறைக்கவில்லை. அதனால்தான் பதினாலாம் பெட்டில் கிடந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர் இந்தப் புத்தாண்டில் தன் வீட்டில் கண் விழிப்பார்.