வேல்விழி பார்த்துக் கொடுத்த வண்டி

சூலக்கரை பக்கம் நாலுவழிச் சாலையை ஒட்டி டீசல் கார் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கும் சங்கிலிமுத்துவுக்கு வெளியாட்கள் மேல் பொறாமை கிடையாது. எதிரே புதிதாகக் கடை போட்டவனுக்கு ஜாக்கியே இரவல் கொடுத்தவன் அவன். அவனுக்கு வயிற்றெரிச்சலெல்லாம் ஒரே ஆள் மேல்தான். அந்த ஆள் அவன் பொண்டாட்டி வேல்விழி.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்த்தவள் அவள். கம்பெனியைப் பூட்டிப் போட்டிருந்த காலத்தில், வீட்டில் சும்மா கிடக்க மாட்டாமல் ஷெட்டுக்கு வந்தாள். கழற்றிப் போட்ட சாமான்களை டீசலில் கழுவிக் கொடுத்தாள். எது எங்கே மாட்டுகிறது என்று கேட்டாள். சங்கிலிமுத்துதான் சொல்லிக்கொடுத்தான், பெருமையாகவே சொல்லிக்கொடுத்தான். கம்பெனியை மறுபடி திறந்தபோது அவள் திரும்பிப் போகவில்லை.

வினை அங்கேதான் பிறந்தது. வண்டி கொண்டு வருகிறவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, "மதினி இல்லையாண்ணே?" என்று எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு தரமும் அவனுக்கு நெஞ்சுக்குள் முள்ளாக இறங்கியது. இளவட்டக் காலம் முழுக்க அடுத்தவன் பட்டறையில் கிரீஸ் தின்று கற்ற தொழில். இவள் நேற்று வந்தவள்.

தீபாவளி சீசன் நேரத்தில், அவள் முன்பு வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி ஜெயச்சந்திரனின் கார் வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக மணிக்கணக்காக அழுகிறது, பாலம் ஏறும்போது இழுவை போய் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது. டிரைவர் கோட்டைச்சாமி வண்டியை விட்டுவிட்டுப் போனான். இந்த வண்டியில் அவள் கை படக்கூடாது என்று சங்கிலிமுத்து அப்போதே முடிவு கட்டினான். மல்லாங்கிணற்றில் அவள் சித்தி வீட்டில் காதுகுத்து வந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"ரெண்டு நாள் முன்னக்கூட்டியே போ. ஒத்தாசைக்கு ஆள் வேணும்ல" என்றான்.

"நீங்களா சொல்றீக?" என்று அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவன் டீசல் பில்டரை மாற்றினான். வண்டி பாலத்தில் நின்றது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மதுரைக்கு அனுப்பிச் சோதித்து வாங்கி மாட்டினான். மறுபடி நின்றது. ஸ்கேனரைச் சொருகினால் டீசல் பிரஷர் குறைவு என்று மட்டும் காட்டியது, ஏன் குறைகிறது என்று அதற்கும் தெரியவில்லை. டீசல் பம்பைப் பிரிக்கலாமா என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது வேல்விழி ஊரிலிருந்து வந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு வண்டி என்ன ஆச்சு என்று பார்க்க வந்த கோட்டைச்சாமியிடம்தான் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏண்ணே, டேங்க்கு நிறைஞ்சு இருக்கும்போதும் நிக்குதா?"

கோட்டைச்சாமி யோசித்தான். "இல்ல மதினி. டீசல் குறைய குறையத்தான் சேட்டை."

சங்கிலிமுத்துவுக்குக் காது சூடேறியது. இந்த ஒரு கேள்வி தன் வாயில் ஏன் வரவில்லை? அவள் பம்புக்குப் போகும் பைப்பைக் கழற்றி, நடுவில் கண்ணாடி போன்ற ஒரு டியூபைக் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டாள். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று ஓடியது.

"ஏர் இழுக்குதுங்க. பம்ப் நல்லாத்தான் இருக்கு."

"எங்கயும் ஒழுகலயே" என்றான் அவன், விட்டுக்கொடுக்காமல்.

"இங்கன பம்ப்தான டேங்க்லருந்து உறிஞ்சுது? டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். டேங்க்கு குறையக் குறைய உறிஞ்சுறது கூடும், காத்தும் கூடும்."

வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினாள். டேங்க்கிலிருந்து வரும் லைனில் ஒரு ரப்பர் இணைப்பு வெடிப்பு விட்டிருந்தது. புது ரப்பர் போட்டு கிளிப்பை இறுக்கிவிட்டு, கை கழுவப் போனாள்.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் நேரிலேயே வந்தார். வண்டியைப் பாலத்தில் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, "எப்படிக் கண்டுபிடிச்ச சங்கிலி?" என்றார்.

"பார்த்துப் பார்த்து ஒருவழியா பிடிச்சிட்டேன் அண்ணாச்சி."

வேல்விழி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயச்சந்திரன் கூலியை எண்ணிக்கொண்டே சொன்னார்.

"கோட்டைச்சாமி வேற மாதிரி சொன்னானே."

அவர் அதைக் கிண்டாமல் அவளிடம் திரும்பினார். "கம்பெனியில லோடு வண்டி, வேன் எல்லாம் டீசல்தான்மா. பார்க்க நல்ல ஆள் இல்ல. வேலைக்கு வர முடியுமான்னு வீட்ல பேசிச் சொல்லுங்க."

அவர் போனதும் அவள் கேட்டாள். "போகவா?"

போய்விட்டால் ஷெட் தன் ஒருத்தனுக்கே ஆகிவிடும் என்ற நினைப்பு முதலில் இனித்தது. அடுத்த மூச்சிலேயே, அங்கே அத்தனை வண்டியும் அவள் பேர் சொல்லுமே என்று கரித்தது. ரெண்டும் மாறி மாறிக் குடைந்தது.

"நான் பொய் சொன்னதுக்குக் கோவமா போறியா?"

"கோவம் இருக்கு. அதுக்காகப் போகல. வண்டி பார்க்கப் பிடிச்சிருக்கு. இங்கன பார்த்தா உங்களுக்கு முகம் சுண்டிப்போகுது. அதப் பார்த்துட்டு என்னால வேலை செய்ய முடியல."

அவள் இத்தனை நாள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்குச் செருப்படி மாதிரி இருந்தது. "போ" என்றான். மனசாரச் சொன்னானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

இப்போது அவள் திங்கள் முதல் வெள்ளிவரை புதுப்பட்டிக்கு வேனில் போகிறாள். முன்னே அவளோடு திரி வேலை பார்த்தவர்களே அவள் இறங்கும்போது "மெக்கானிக்கம்மா" என்கிறார்களாம். அதைக் கேட்கும்போதெல்லாம் சங்கிலிமுத்துவுக்கு இன்னும் சோறு இறங்கச் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர், வெள்ளைப் புகை கக்கும் வண்டியோடு வந்து தயங்கி நின்றார். சங்கிலிமுத்து பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு மூடினான்.

"வண்டி இங்கனயே நிக்கட்டும். எம்பொண்டாட்டி நாளைக்கு லீவு, வந்து பார்ப்பா" என்றான்.