ஐம்பதில் பதினேழு

கல்மண்டபம் டீக்கடையில் அவரைத் தினமும் பார்ப்பேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கார்களை யார்டுவரை ஓட்டி நிறுத்துவது அவர் வேலை. ஒடிசலான ஆள், நரைத்த மீசை. பெல்ட்டின் பக்கிள் எப்போதும் இடுப்பின் ஓரத்தில் இருக்கும். கார் பெயிண்டில் கீறல் விழக்கூடாதாம். விடுமுறை நாளிலும் அப்படித்தான்.

ஒருமுறை ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியிருக்கிறார். உலகத்துக்கே ஐம்பதுதான் செய்வோம் என்று கம்பெனி சத்தியம் செய்திருந்த கார். உள்ளே 'ஐம்பதில் பதினேழு' என்று தகடு பதித்திருந்ததாம்.

"ரெண்டே நிமிஷம் சார். பத்து கிலோமீட்டருக்கு மேல போவக்கூடாதுன்னு ரூலு. புலிய கயித்துல கட்டி இட்டுகினு போன மாரி இருந்துச்சு," என்பார்.

அதே கம்பெனி மேலும் ஐம்பது கார் செய்யப்போவதாக ஒருநாள் பேப்பரில் வந்தது. அவர் மனம் உடைந்துவிடுமோ என்று தயங்கித்தான் படித்துக் காட்டினேன்.

"ஏற்கெனவே வாங்கினவங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. கோர்ட்டுக்குப் போறாங்களாம்," என்றேன்.

"அவுங்களுக்கு இன்னா சார், அவுங்க வண்டி அவுங்க வூட்லயே கீது," என்றார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "இன்னும் அம்பதுன்னா, ஒண்ணாவது நம்ம ஆர்பருக்கு வராமயா பூடும்?"

எழுந்து, பக்கிளை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு துறைமுக கேட்டை நோக்கி நடந்தார்.

அந்த ஐம்பதும் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஒன்றுகூட இங்கே இறங்கவில்லை. அந்தக் கம்பெனி இன்னொரு முறை வாக்குத் தவறாதா என்று இப்போது நானும் பேப்பரைப் புரட்டுகிறேன்.