டீச்சர் வெட்டிய கிறிஸ்துமஸ் மரம்

செடிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செடி வாங்க வருவதில்லை. வாங்கிய செடி ஏன் இப்படி ஆனது என்று கேட்க வருகிறார்கள். தென்னூரில் இருபது வருஷமாக நர்சரி நடத்துகிறேன். டிசம்பரில் இந்தக் கூட்டம் இரட்டிப்பாகும். மாடியில் நாலு தொட்டி வைத்துவிட்டு, காலையில் காபிக்கு முன்னால் அவற்றை எட்டிப் பார்க்கிற உங்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாததல்ல.

ஒரு அடிக் கொம்பு

போன டிசம்பர் முதல் வாரம் ரெஜினா டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ரிடையரான கணக்கு டீச்சர். கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் தண்ணீரில் நின்றது அரக்கேரியாவின் உச்சிக் கொம்பு. நாம் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறோமே, அதுதான். மகள் பிறந்த வருஷம் அவர் கணவர் வாங்கிவந்த மரம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதன் உச்சியில் நட்சத்திரம் கட்டுவது மகளின் வேலை. கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. அந்த வருஷம்தான் டீச்சர் கே.கே. நகரில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார். மரம் கூரையில் முட்டியது. செம்பருத்தியைக் கவாத்து செய்கிற மாதிரி உச்சியில் ஒரு அடியை வெட்டிவிட்டார். மகள் துபாயிலிருந்து இருபத்து மூன்றாம் தேதி வருகிறாள்.

இந்த மரத்துக்கு உச்சி ஒன்றுதான், வெட்டினால் மறுபடி நேராக வளர்வது அபூர்வம் என்றேன். டீச்சர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "அந்த மரத்துக்காகத்தான் தம்பி அவ வருஷா வருஷம் வர்றா. எனக்காகன்னா போன்லயே பேசி முடிச்சிருவா" என்றார். வெட்டி மூன்று நாளாகிவிட்டது, இனி மரத்தோடு ஒட்டாது, வேண்டுமானால் இந்தக் கொம்பைத் தனியாக மணலில் ஊன்றி வேர் பிடிக்குமா என்று பார்க்கலாம், அதற்கும் மாசக்கணக்கில் ஆகும் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

"மாமரத்துல ஒட்டுப் போடறீங்க, ரோஜாவுல ஒட்டுப் போடறீங்க. இருந்த இடத்துலயே திரும்ப ஒட்டறதுக்கு என்ன தம்பி இவ்வளவு யோசனை?"

சிவக்காத செடி

அதே வாரம் திருவெறும்பூரிலிருந்து ஒரு தம்பதி போன வருஷம் வாங்கிய பாயின்செட்டியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிசம்பரில் மேல் இலைகள் சிவக்க வேண்டிய செடி, கீரைப்பாத்தி மாதிரி பச்சையாக இருந்தது. நீண்ட இருட்டு இருந்தால்தான் அது சிவக்கும். ராத்திரி வெளிச்சம் ஆகாது. விசாரித்ததில், தீபாவளியிலிருந்தே செடியைச் சுற்றி சீரியல் பல்பு கட்டி விடிய விடிய எரியவிட்டிருக்கிறார்கள். அதுதான் காரணம் என்றதும் கணவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அசரவில்லை.

"சிவப்பு பல்புதானே சார் போட்டோம்!"

மார்கழித் துளசி

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் மார்கழி பிறந்ததும் துளசி வாங்குவார். பத்தே நாளில் அது அழுகும், இன்னொன்று வாங்குவார். விடியுமுன் குளித்துவிட்டு ஒரு சொம்பு, பூஜை முடிந்து ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. பனிக்காலத்தில் மண் காய்வதே இல்லை, தண்ணீரைக் குறையுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். போன தடவை, சொம்பை விட்டு உத்தரணியால் விடுங்கள், மூன்று வேளையும் விடலாம் என்றேன். யோசித்தார். பூஜைக் கரண்டி என்பதால் மனசு ஒப்பியது. ஆனாலும் போகும்போது திரும்பி நின்று சொன்னார்:

"பெருமாளுக்குச் சேர்க்கற துளசியைப் பட்டினி போடச் சொல்றேள். கேட்டா அவர்கிட்ட உம்ம பேரைத்தான் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

டீச்சரின் கொம்பை மணலில் ஊன்றி, பாலிதீன் கவர் மூடி, நிழல்வலைக்குக் கீழே வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சர் நேராக இங்கே வருவார். இரண்டாவது ஞாயிறு நான் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்தபோது, வேர் வந்துவிட்டதா என்று கொம்பை மெல்ல உருவிப் பார்த்துவிட்டார். உருவினால் வருகிற வேரும் அறுந்துபோகும். நம்மில் இதைச் செய்யாதவர் யார்? ஆனால் எங்கள் கடையில் பதியன் போட்டு நாற்று வளர்க்கும் செல்விக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து கொம்பைப் பிடுங்கி மறுபடி ஊன்றினாள்.

"பிள்ளைங்க பரீட்சை எழுதிக்கிட்டிருக்கும்போதே பேப்பரைப் பிடுங்கித் திருத்துவீங்களா டீச்சர்?"

மகள் வந்தாள்

இருபத்து நாலாம் தேதி காலையில் அம்மாவும் மகளும் வந்தார்கள். மரத்தின் மொட்டைத் தலையில் குச்சி கட்டி, அதன்மேல் பெரிய நட்சத்திரத்தை மாட்டி மறைத்திருக்கிறார் டீச்சர். வீட்டுக்குள் நுழைந்ததுமே மகள் கண்டுபிடித்துவிட்டாள். மகள் வலைக்குள் போன நேரம் பார்த்து டீச்சர் என் பக்கம் வந்து, "வேர் விட்டுருச்சுன்னு சொல்லிருங்க தம்பி, நாலு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மகள் கவரைத் தூக்கிப் பார்த்தாள். கொம்பு பச்சையாகத்தான் இருந்தது. "உயிரோட இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். அந்தப் பச்சையை நம்ப முடியாது. வேரில்லாமலே இரண்டு மாசம் பச்சை காட்டும் இனம் அது. தெரியாதும்மா, ஈஸ்டர் வாக்கில்தான் தெரியும் என்றேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், கணக்கில் பூஜ்யம் வாங்கிய பையன்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று புரிந்தது.

மகள் கவரை மறுபடி மூடினாள். ஓரங்களில் மணலை அணைத்தாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஈஸ்டருக்கு லீவு போடறேம்மா. வேர் வந்தாலும் நானே பாக்கணும், வரலேன்னாலும் நானே பாக்கணும்."

கட்டாயம் பிழைக்கும் என்று அடித்துச் சொல்லி இத்தனை வருஷத்தில் ஆயிரம் செடி விற்றிருப்பேன், ஆனால் தெரியாது என்று சொல்லி ஒரு வீட்டுக்கு ஆளை வரவழைத்தது இந்த ஒரு தடவைதான்.