அவளுக்கும் ஒரு பிடி மண்

என் வீட்டுக்காரருக்குத் தருமபுரத்தில் இன்னொருத்தி இருந்தது ஊருக்கே தெரியும். இருபது வருஷமாக அவளை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதற்காக யார் முன்னாலும் அழுததுமில்லை.

அவரை அடக்கம் செய்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப் போயிருந்தது. சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குழியில் மண் போட்டார்கள். அவள் மட்டும் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"அவளையும் வரச் சொல்லுங்க" என்றேன்.

"அண்ணி, அவ உள்ள வந்தா நான் போயிடுவேன்" என்றாள் நாத்தனார்.

"போயேன். வெயிலு வேற ஏறுது."

கேட்டுக்கு வெளியே நின்றவள் உள்ளே வந்தாள். "நானும் போடலாமாக்கா?" என்றாள். அள்ளிய மண்ணெல்லாம் விரலிடுக்கில் கொட்டிவிட்டது. நான் குனிந்து இன்னொரு பிடி அள்ளி அவள் கையில் வைத்தேன். அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்தே போட்டோம்.

பகைவரையும் நேசிக்கச் சொல்லிக் கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மனசில் பிரியம் ஊறினால்தான் அது முடியும் என்றிருந்தேன். அன்றைக்கு என் மனசில் ஒன்றுமே இல்லை. இன்றும் அவள் மேல் பிரியம் வந்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தால், அதற்கப்புறம் எந்த முகத்தோடு ஆண்டவர் முன்னால் முழந்தாளிடுவேன்?