அஷ்டமியில் பிறந்த பில்ட்

யுபிஎஸ் கத்தும் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது… அப்புறம் கீபோர்டு முழுக்கப் படிந்திருக்கும் தவிட்டுத் தூசி. திருவாரூர் தேர்வீதியில் ஒரு மாடி அறை. கீழே அரிசிக்கடை, மேலே நாங்கள்.

ரைஸ் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்போம். நெல் எடை, மூட்டைக் கணக்கு, பில். எழுதுகிறவர்கள் நானும் நஸ்ரினும் மட்டும்தான். நஸ்ரின் கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்கு ஜூனியர். இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

எர்ரர் வந்தால் நான் அதை மாற்றுவேன், இதை மாற்றுவேன், வியர்த்துப்போவேன். நஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு ஸ்கிரீனையே பார்ப்பார். பிறகு ஒரே இடத்தில் கை வைப்பார். எழுதியதையெல்லாம் கோத்து புரோகிராமாக்கும் பில்ட் தடையில்லாமல் ஓடிவிடும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் வலங்கைமான் பக்கம் ஒரு பெரிய மில் கிடைத்தது.

"யாரு முடிக்கிறீங்களோ அவங்களே நேர்ல போய்ப் போட்டுக் குடுத்துட்டு வாங்க. இனிமே எல்லா மில்லுக்கும் அவங்கதான் ஆளு" என்றார் ஆபீஸை நடத்தும் எங்கள் சார்.

எனக்கு அது வேண்டும். எங்கள் பக்கத்தில் என்னை இன்னார் மகன் என்றுதான் தெரியும். மில்காரர்கள் போன் போட்டு என் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்… அவ்வளவுதான் ஆசை. மில்லுக்குப் போட்டுப் போக ஒரு சட்டையைக்கூடத் தேய்த்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு எர்ரர் மிச்சம். ஈர நெல்லுக்கு எடை கழிக்கிற கணக்கை, அந்த ஃபங்ஷனைக் காணோம் என்றது சிஸ்டம். வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் அதை எழுதிச் சேர்த்தேன். பில்ட் போட்டேன்.

அதே எர்ரர்.

கண்ணுக்கு முன்னால் ஃபங்ஷன் இருக்கிறது, காணோம் என்கிறது. அழித்து மறுபடி எழுதினேன். பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். அதே வரி… மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

நஸ்ரின் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார். நான் எழுதியதைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனின் கீழ் மூலையைப் பார்த்தார்.

"செல்வம், இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? உங்க சிஸ்டம் புதன்னு காட்டுதே?"

சார் தொண்டையைச் செருமினார். "நாந்தாம்மா காலையில மாத்தி வச்சேன். இன்னிக்கு அஷ்டமி. புதன்கிழமை நல்ல முகூர்த்தம், அத விட்டுட்டோம். வெர்ஷன் தேதியாச்சும் நல்ல நாளா விழட்டுமேன்னு…"

நஸ்ரின் சிரிக்கவில்லை. "அதான் சார். இவரு இன்னிக்கு எழுதுனத சிஸ்டம் புதன்கிழமை எழுதுனதுன்னு நெனச்சுக்குது. நேத்து கம்பைல் பண்ணி வச்ச பழசுதான் புதுசுன்னு அதையே எடுத்துக்குது. இவரு மாத்துனத தொடவே இல்ல."

நஸ்ரினே தேதியைச் சரி செய்தார். ஃபைலை மறுபடி சேவ் செய்தார். பில்ட் ஓடியது.

"அஷ்டமியில பொறந்ததாயிடுமேம்மா" என்றார் சார், பாவமாக.

"உங்க கிருஷ்ணர் பொறந்ததும் அஷ்டமிதானே சார்?"

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நஸ்ரின் எர்ரரைக் கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். அந்தப் பதிலையும் அவரேதான் சொல்ல வேண்டுமா? அதுகூட எனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் ஆத்திரமாக வந்தது. ஃபங்ஷனை எழுதியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மில்லுக்கு நஸ்ரின்தான் போனார். மறுவாரத்திலிருந்து போன் எடுத்தால், "நஸ்ரின் இருக்காங்களா?" என்றே கேட்டார்கள். "நான் சொல்றேன், என்ன வேணும்?" என்றால், "பரவால்லங்க, அவங்க வரட்டும்" என்று வைத்துவிடுவார்கள்.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது எர்ரர் வந்தால் அப்படியே காப்பி பண்ணி ஏஐயிடம் போடுகிறேன். மூச்சு விடுவதற்குள் பதில் வருகிறது. பல சமயம் சரியாகவும் இருக்கிறது. அதன்மேல் எனக்குத் துளிகூடப் பொறாமை வருவதில்லை. பொறாமைப்படக்கூட பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் வேண்டும்போல…

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோடு நெல் அரைக்க அதே வலங்கைமான் மில்லுக்குப் போனேன். மில்காரர் சேர் எடுத்துப் போட்டார்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"சாஃப்ட்வேருங்க. முன்னாடி திருவாரூர்ல, உங்க மில்லுக்கு எழுதிக் குடுத்த ஆபீஸ்லதான் இருந்தேன்."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியா? நம்ம நஸ்ரினம்மாகிட்ட வேல பாத்தீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் அவர் நஸ்ரினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எப்போது போன் போட்டாலும் எடுத்துவிடுவாராம், அவ்வளவு பொறுமையாம்… என் பெயர் என்ன என்று கடைசி வரை கேட்கவில்லை.